இடது கை லீவர்

திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில், இடது கைப்பிடியில், கிளட்சுக்குப் பக்கத்திலேயே விரல் நீளத்துக்கு ஒரு சின்ன லீவர் இருந்தது. இன்று வருகிற புல்லட்டில் அது இல்லை. ஏன் இல்லாமற் போயிற்று என்பதற்கு மெக்கானிக்குகளிடம் ஒரு பதில் இருக்கிறது. எஞ்சினியர்களிடம் இன்னொன்று. பழைய வண்டிகளைத் தேடிப்பிடித்து வாங்குகிற ரசிகர்களிடம் பதில் இல்லை, புலம்பல் இருக்கிறது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றும் தொடாமல் விட்டுவிடுகிற கேள்வி ஒன்றும் உண்டு என்று எனக்குப் படுகிறது. ஒரு யந்திரம் தன் உள்நிலையை, அதைக் கையாளுகிறவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டதா? கடமை என்ற சொல்லை யந்திரத்தோடு சேர்ப்பது அபத்தமாகத் தோன்றலாம். யந்திரத்துக்கு ஏது கடமை, செய்தவனுக்கல்லவா என்று திருத்திக்கொண்டால் அபத்தம் போய்விடும். கேள்வி போகாது.

முதலில் லீவரின் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். கவிதை பற்றிய பத்திரிகையில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள் இரண்டு பாராக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்தூலமான விஷயத்தைத் தாண்டிக் குதித்துத் தத்துவத்துக்குப் போகிற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே அதிகம்.

அதன் பெயர் டீகம்ப்ரஸர். புல்லட் 350-இன் எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர். குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று காற்றை அமுக்கிக்கொண்டிருக்கையில் இன்னொன்று தள்ளிக்கொண்டிருக்கும், பாரம் பங்காகிவிடும். ஒற்றைச் சிலிண்டருக்கு அந்தப் பங்காளி கிடையாது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அமுக்கியபடி பிஸ்டன் மேலே வருகிற கட்டத்தில் கிக்கரை மிதித்தால் சுவரை மிதித்ததுபோல் இருக்கும். வெறும் பலத்தை நம்பி மிதிக்கிறவனுக்குத் தண்டனையும் உண்டு. பிஸ்டன் உச்சியைத் தாண்டுவதற்கு முன்பே பொறி பற்றி எஞ்சின் பின்பக்கமாகச் சுழன்றுவிட்டால், கிக்கர் காலைத் தூக்கி எறியும். கணுக்காலோ முழங்காலோ, அந்த வண்டிகளை ஓட்டியவர்களில் இந்த அடியை வாங்காதவர்கள் அபூர்வம். லீவரைப் பிடித்தால் சிலிண்டர் தலையில் ஒரு சிறு வால்வு திறக்கும். அடைபட்ட அழுத்தம் 'புஸ்' என்று சைலன்ஸர் வழியாகப் போய்விடும். கால் இலேசாக இறங்கும். ஓடுகிற எஞ்சினை நிறுத்துவதற்கும் அதே லீவர்தான்.

ஆனால் எப்போது பிடிப்பது? பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்து தெரியாதே. இங்கேதான் ஆம்ப் மீட்டர் வருகிறது. ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் வார்ப்புக் கூட்டில், புலிக்கண் என்று சொல்லப்படும் இரண்டு சின்ன விளக்குகளுக்கு நடுவில் பதித்த வட்ட மீட்டர். பாட்டரிக்குக் கரண்ட் வருகிறதா, பாட்டரியிலிருந்து போகிறதா என்று காட்டுவதற்கு வைத்தது. சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், காண்டாக்ட் பாயிண்ட் சேர்ந்திருக்கும்வரை காயிலுக்குக் கரண்ட் ஓடும். ஊசி செலவுப் பக்கம் சாயும். பாயிண்ட் பிரிந்த கணம் கரண்ட் நின்றுவிடும். ஊசி நடுவுக்கு வரும். பாயிண்ட் பிரிவதோ பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியை நெருங்குகிற தருணத்தில். ஆகவே ஊசி நடுவுக்கு வந்துவிட்டால் பிஸ்டன் உச்சியருகே இருக்கிறது. அப்போது லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. எழுத இத்தனை வாக்கியம் ஆகிறது. செய்கிறவனுக்கு நாலைந்து விநாடி.

இதில் என்னை நிறுத்துவது ஊசிதான். அது கரண்டைக் காட்டவே பிறந்தது. பிஸ்டனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கரண்டுக்கும் பாயிண்டுக்கும், பாயிண்டுக்கும் கேமுக்கும், கேமுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள தொடர்பு அறிந்தவன், கரண்டின் ஊசியில் பிஸ்டனை வாசிக்கிறான். வாசிப்பு என்ற சொல்லை இங்கே உருவகமாகப் போடவில்லை. பிரதியில் எழுதியவன் வைக்காத, ஆனால் பிரதியின் அமைப்பு அனுமதிக்கிற ஓர் அர்த்தத்தை வாசகன் கண்டடைவது எதுவோ, அதுவேதான் இது. அமைப்பு அனுமதிக்கிற என்பது முக்கியம். ஊசியில் தன் ஜாதகத்தை வாசிக்க முடியாது. பிஸ்டனை வாசிக்கலாம், வாசித்தது தப்பா சரியா என்று அடுத்த மிதியில் தெரிந்துவிடும். நம் விமர்சன வாசிப்புகளுக்கு அப்படி ஒரு கிக்கர் இருந்தால் எத்தனை கணுக்கால்கள் மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த யந்திரத்தின் பிறவி விசித்திரமானது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த கம்பெனி 1901-இலேயே மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்தியது. இந்திய ராணுவம் 1950களில் எல்லைக் காவலுக்காக இந்த வண்டிகளை வாங்கியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூர் ஆலை வந்தது. முதலில் உதிரிகள் கப்பலில் வந்து இங்கே கோர்க்கப்பட்டன; பிறகு உதிரிகளே இங்கு வார்க்கப்பட்டன. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. பெற்ற ஊரில் செத்தது, வளர்த்த ஊரில் பிழைத்தது. பிழைத்தது மட்டுமல்ல, ஏறக்குறைய மாறாமல் பிழைத்தது. போட்டி இல்லாத, இறக்குமதி இல்லாத சந்தையில் மாற வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. லைசென்ஸ் ராஜ்யத்தின் சோம்பல் என்று இதைப் பழிக்கலாம், பழிக்கவும் வேண்டும். ஆனால் அந்தச் சோம்பலின் பக்க விளைவாக, திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும், அசோக் லேலண்டு வாசலிலும் அனல் மின் நிலையத்து வாசலிலும் ஷிப்டு முடிந்து வந்த ஒரு தலைமுறைக்கு, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் உள்ளே என்ன நடக்கிறது என்பது பொது அறிவாக இருந்தது. காத்திவாக்கத்து டீக்கடைகளில் டாப்பெட் இடைவெளி பற்றிப் பேசுகிறவர்கள் எஞ்சினியர்கள் அல்லர்.

போன கதை சுருக்கமானது. 1994-இல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் ஒவ்வொரு சுற்றிலும் இறுகின. இரு சக்கர வண்டிகளுக்குப் பாரத் ஸ்டேஜ் மூன்று 2010-இல், நான்கு 2017-இல், ஆறு 2020-இல். வார்ப்பிரும்புச் சிலிண்டரும் தனிக் கியர்ப் பெட்டியும் கொண்ட பழைய எஞ்சினால் இந்த வரிசையில் நிற்க முடியாது. 2010 வாக்கில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. காண்டாக்ட் பாயிண்டின் இடத்துக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. காலின் இடத்துக்குச் செல்ஃப் ஸ்டார்ட். கிக்கர் மட்டும் ஒரு துணைக்காகச் சில வருஷங்கள் ஒட்டிக்கொண்டிருந்தது. 2021-இல் வந்த கிளாசிக்கிலும் 2023-இல் வந்த புல்லட்டிலும் அதுவும் இல்லை. ஆம்ப் மீட்டர் செய்தது இன்னும் வேடிக்கை. எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த பிறகும் அது சில வருஷங்கள் தன் இடத்திலேயே இருந்தது. சார்ஜைக் காட்டியது, பிஸ்டனைக் காட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது. ஊசி அதே ஊசி, வாசகன் அதே வாசகன். ஆனால் அந்த வாசிப்பை அனுமதித்த அமைப்பு பின்னாலிருந்து உருவப்பட்டுவிட்டது.

லீவர் போயிற்று என்றேன். கறாராகச் சொன்னால் டீகம்ப்ரஸர் போகவில்லை. புதிய எஞ்சினில் அது எக்ஸாஸ்ட் கேமிலேயே ஒரு சின்ன எடைத்துண்டாகச் சேர்ந்துவிட்டது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது எடைத்துண்டு எக்ஸாஸ்ட் வால்வை ஒரு மயிரிழை தூக்கிவைத்து அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிடும். வேகம் கூடினதும் சுழற்சியின் விசையால் விலகிக்கொள்ளும். யாரும் பிடிக்கவும் வேண்டாம் விடவும் வேண்டாம். முன்பு கை செய்ததை இப்போது உள்ளே ஓர் உலோகத்துண்டு, களைப்பில்லாமல், மறதியில்லாமல் செய்கிறது. அமுக்கத்தின் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. இடம் மாறி, நம் பார்வைக்கும் விரலுக்கும் எட்டாத இடத்தில் தீர்க்கப்படுகிறது.

பிரெஞ்சுத் தத்துவவாதி ஜில்பேர் சிமோந்தோன் 1958-இல் எழுதிய, யந்திரங்களின் இருத்தல் முறை பற்றிய நூலில் இத்தகைய மாற்றத்துக்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறார். ஆரம்ப கால யந்திரத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை. தன் முறை வந்ததும் வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், ஒருவரையொருவர் அறியாத கூலியாட்கள் மாதிரி. யந்திரம் முதிர முதிர ஒரே பாகம் பல வேலைகளை ஏற்கிறது. பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கின்றன. அவர் தருகிற உதாரணமே காற்றால் குளிரும் எஞ்சினின் சிலிண்டர் தலையில் உள்ள தகடுகள்தான். முதலில் சூட்டைத் தணிக்க வெளியே ஒட்டவைத்த சமாசாரம். பிறகு அதே தகடுகள் தலையை நெளியாமல் தாங்கும் விலா எலும்புகளும் ஆகின்றன. புல்லட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தகடுகள் அத்துப்படி. சிமோந்தோனின் கணக்குப்படி, லீவர், கேபிள், தனி வால்வு மூன்றும் போய் கேமுக்குள் ஒரு எடைத்துண்டு வந்தது சீரழிவு அல்ல, முதிர்ச்சி. யந்திரத்தின் உள்தர்க்கம் அந்தத் திசையில்தான் இழுக்கும். சதி செய்தவன் யாருமில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதப்படுகிற பழமை ஏக்கம் எல்லாம் எனக்குச் சலிப்பூட்டுகிறது.

ஆனால் எல்லா மறைவும் ஒரே ஜாதி இல்லை. ஜப்பானில் பச்சிங்கோ என்று ஒரு சூதாட்ட யந்திரம் உண்டு. செங்குத்தாக நிற்கும் பலகை, கண்ணாடி மூடி, பலகை நெடுக ஆணிகள். எஃகுக் குண்டு மேலிருந்து ஆணிகளில் மோதி மோதி விழும். சரியான குழியில் விழுந்தால் மேலும் குண்டுகள் கொட்டும். பழைய யந்திரத்தில் குண்டை ஏவுவது ஒரு ஸ்பிரிங் லீவர். கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தெறிக்க வேண்டும். எவ்வளவு அழுத்தினால் எந்த ஆணியைத் தொடும் என்பது விரலுக்குத் தெரிந்த விஷயம். 1950களில் குண்டுகளைச் சரமாரியாக ஏவும் யந்திரங்கள் வந்தபோது, பணம் பறக்கிற வேகத்தைப் பார்த்து அதிகாரிகள் தடை போட்டார்கள். 1970களில் மின்சாரப் பிடி அனுமதி பெற்றது. குமிழைத் திருகிப் பிடித்துக்கொண்டால் போதும், நிமிஷத்துக்கு நூறு குண்டு வரை அதுவே ஏவும். கட்டைவிரலுக்கு ஓய்வு. கடைக்காரனுக்கு நிமிஷத்துக்கு இத்தனை குண்டு என்று நிச்சயமான கணக்கு.

இரண்டிலும் விரல் இழந்தது ஒரு லீவரைத்தான். புல்லட்டில் லீவர் போனதால் ஓட்டுகிறவனுக்கு அடி குறைந்தது. பச்சிங்கோவில் லீவர் போனதால் ஆடுகிறவனுக்கு, குண்டுக்கும் குண்டுக்கும் இடையே தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் அவகாசம் குறைந்தது. ஆனால் பழைய கட்டைவிரலையும் நான் ரொம்பப் புகழமாட்டேன். அத்தனை ஆணிகளைத் தாண்டி விழும் குண்டின் விதியில் விரலின் பங்கு எவ்வளவு இருந்திருக்கும்? ஆணிகளை நிமிர்த்துகிறவனும் சாய்க்கிறவனும் கடைக்காரன். விரலுக்கு இருந்த திறமையில் ஒரு பகுதி திறமையின் பிரமை. கைக்கு ஒரு பிடியைக் கொடுத்துவிட்டு முடிவை வேறு இடத்தில் வைத்துக்கொள்வது பழைய தந்திரம். சூதாட்டத்தில் மட்டும் நடப்பதல்ல. ஆகவே லீவர் இருந்தது, போயிற்று என்பதை மட்டும் வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. லீவர் உண்மையில் எதையாவது தொட்டதா, தொட்டதை நமக்குத் திருப்பிச் சொன்னதா என்று பார்க்க வேண்டும். புல்லட்டின் ஊசி சொன்னது. பச்சிங்கோவின் ஸ்பிரிங், கூடியவரை, சொல்வதுபோல் நடித்தது.

ஓர் ஆட்சேபத்தை நேராகச் சந்திக்க வேண்டும். கிக்கரின் சடங்கில் ஆண் திமிர் நிறைய இருந்தது. சினிமாவில் புல்லட்டில் வருகிறவன் ஊர்ப் பெரிய மனிதன், இன்ஸ்பெக்டர் அல்லது வில்லன். ஒரே மிதியில் கிளப்புகிறவன் ஆம்பளை. நாலு முறை மிதித்தவனைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். பெண்கள், காலில் ஊனமுற்றவர்கள், வயதானவர்கள் எல்லோரும் அந்த லீவரின் எல்லைக்கு வெளியே நின்றார்கள். செல்ஃப் ஸ்டார்ட் வந்ததும் அந்த எல்லை விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நைட் ஷிப்டு நர்ஸ் ஒருவர் புல்லட்டில் போவதைப் பார்க்கிறேன். பழைய வண்டியாக இருந்தால் அவர் அதைத் தொட்டிருக்க மாட்டார், தொடவும் விட்டிருக்கமாட்டார்கள். சிரமம் தன்னளவில் ஒரு நன்மை என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சிரமத்தில் ஜெயித்தவர்கள். அது அவர்களுடைய சான்றிதழ். சான்றிதழ் செல்லாமற் போவது வருத்தமாகத்தான் இருக்கும். தத்துவம் அதற்குத் துணை போக வேண்டியதில்லை.

ஆக, சிரமத்தைத் தனியாகவும் தெரிதலைத் தனியாகவும் பிரித்துக்கொள்வோம். பழைய வண்டியில் இரண்டும் ஒட்டியிருந்தன. சிரமப்பட்டவனுக்குத் தெரிந்தது, தெரிந்தவனுக்குச் சிரமம் குறைந்தது. புதிய வண்டி சிரமத்தை எடுத்தபோது அதோடு ஒட்டியிருந்த தெரிதலும் கழன்று வந்துவிட்டது. சிரமத்தைக் கொடுத்துவிட்டுத் தெரிதலை மட்டும் வைத்துக்கொள்ள வழி இருந்ததா என்பதே விஷயம்.

நான் வேலை பார்க்கிற இடத்திலிருந்து இதற்கு ஓர் உதாரணம். 2010 மார்ச் 31 வரை இந்திய வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்கு வட்டி கணக்கிட்ட முறை இது: ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகை எதுவோ, அதற்கு மட்டும் வட்டி. அப்போது விகிதம் 3.5 சதவீதம். 11-ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் ஒரு பைசா கிடையாது. 29-ஆம் தேதி ஒரு நாள் அவசரத்துக்கு எடுத்தால் மாத வட்டியே சரிந்துவிடும். வாடிக்கையாளருக்கு அப்பட்டமான நஷ்டம். ஆனால் அந்த நஷ்டத்தை அவர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாஸ்புக்கை விரித்துவைத்து, மாதத்துக்கு ஓர் எண்ணாக ஆறு எண்களைக் கூட்டி, கவுண்டருக்கு வந்து 'நாலு ரூபா குறையுதே தம்பி' என்று சண்டை போட்ட பென்ஷன்காரர்களைப் பற்றி மூத்த ஊழியர்கள் இன்னும் சொல்வார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி தினசரி இருப்பின் மீது வட்டி. நியாயமான மாற்றம், யாரும் பழைய முறைக்குத் திரும்பக் கேட்கமாட்டார்கள். வட்டி கூடியது. கூடிய வட்டி சரிதானா என்று சரிபார்க்க, பாஸ்புக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளின் இருப்பையும் பெருக்கிக் கூட்டவேண்டும். யார் கூட்டுகிறார்கள்? நான் வேலைக்கு வந்தது அதற்குப் பிறகு. வட்டியைப் பற்றி என்னிடம் சண்டைக்கு வந்தவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. சண்டை இல்லாமற் போனதை அமைதி என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

சண்டை வேறு இடத்தில் வருகிறது. கணக்கிலிருந்து ஏதோ ஒரு கட்டணம் பிடித்தமாகியிருக்கும். மீன் விற்கிற அம்மா ஒருவர் போனை நீட்டி, 'இது எதுக்குப்பா எடுத்தாங்க?' என்பார். திரையில் ஒரு சுருக்கெழுத்துக் குறியீடு இருக்கும். அதற்குமேல் என் ஐ.டி.யில் திறக்காது. 'சிஸ்டம் எடுத்திருக்கும்மா' என்று நானோ பக்கத்துக் கவுண்டர்க்காரரோ சொல்வோம். தமிழில் இந்த வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, செய்தவன் இல்லை. அந்த அம்மாளுக்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாததுதான். ஆனால் தெரிந்தவன்போல் உட்கார்ந்திருக்கச் சம்பளம் எனக்கு.

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் சிறுபத்திரிகைகளில் அந்நியமாதல் பற்றி நிறையப் பேசப்பட்டது. உழைக்கிறவனுக்கும் அவன் செய்த பொருளுக்கும் இடையே உடைமை வந்து நிற்கிறது என்பது அந்தப் பேச்சின் சாரம். அது இன்றும் சரி. ஆனால் சிமோந்தோன் அதோடு ஒன்றைச் சேர்க்கிறார்: யந்திரத்தின் இயல்பை அறியாமலிருப்பதே அந்நியமாதலுக்கு ஒரு காரணம், அது உடைமையைத் தாண்டியும் நிற்கும். முதலாளிக்கும் அது உண்டு, சொந்த வண்டி வைத்திருப்பவனுக்கும் உண்டு. இன்றைய புல்லட்டைக் கடன் அடைத்து முழுசாகச் சொந்தமாக்கிக்கொண்டவன், மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால், அது என்ன சொல்கிறது என்று படிக்கக் கருவி வைத்திருப்பவனிடம் வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கிறான். விளக்கு ஒன்றுதான் சொல்லும்: ஏதோ சரியில்லை. ஊசி சாய்வின் அளவைச் சொன்னது, திசையைச் சொன்னது, மெல்லச் சாய்கிறதா துடிக்கிறதா என்றும் சொன்னது. விளக்குக்கு இரண்டே வார்த்தை. ராபர்ட் பிர்ஸிக் 1974-இல் வெளிவந்த தன் ஜென் - மோட்டார் சைக்கிள் நாவலில், வண்டியின் உள்விவகாரத்தை அறிய மறுக்கிற ஒரு நண்பனைக் காட்டுகிறார். அந்த நண்பனுக்கு மறுக்கவாவது வாய்ப்பிருந்தது. இன்றைக்கு அறிய விரும்புகிறவனுக்கும் மறுக்கிறவனுக்கும் ஒரே மஞ்சள் விளக்கு.

இதெல்லாம் வண்டி வைத்திருப்பவர்களின் செல்லக் கவலை என்று சொல்லிவிடலாம். வேறு ஊரில் இருந்தால் நானும் அப்படிச் சொல்லியிருப்பேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே, உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சட்டம், இழப்பீடு, பொறுப்பு பற்றியெல்லாம் நிறையப் பேசியாயிற்று. எனக்கு உறுத்துவது சின்ன விஷயம். குழாயின் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டர் வேலிக்கு உள்ளே இருக்கிறது. வேலிக்கு வெளியே இருந்த ஒரே கருவி மூக்கு. குழாய் கிராமத்தை ஒட்டிப் போகிறது. அதன் ஊசி கிராமத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கவில்லை. யாருடைய உடம்பு ஒரு யந்திரத்தின் கோளாறைத் தாங்க வேண்டியிருக்கிறதோ, அவர் கண்ணில் படுகிற இடத்தில் அந்த ஊசி இருக்க வேண்டும் என்று கேட்பதற்குத் தத்துவம் எதுவும் தேவையா என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் அப்படிக் கேட்கும் வழக்கமே நம்மிடம் இல்லை. லீவரைக் கழற்றி உள்ளே வைக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் சௌகரியத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கழற்றுகிறார்கள். சௌகரியம் கையில் இருக்கும்போது ஊசி எங்கே என்று கேட்பது நன்றிகெட்டதனமாகத் தோன்றிவிடுகிறது. குழாய் விஷயத்தில் அந்தச் சௌகரியமும் வேறு யாருக்கோ போயிற்று.

எஞ்சினியர் நண்பர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, புதிய எஞ்சினில் ஆம்ப் மீட்டரை எத்தனை பெரிதாக வைத்தாலும் பிஸ்டன் தெரியாது, பாயிண்ட் இல்லையே என்றார். வாஸ்தவம். பழைய ஊசியைத் திரும்பக் கொண்டுவருவது என் யோசனை அல்ல. புதிய எஞ்சினின் உள்ளே பழையதைவிடப் பல மடங்கு அதிகமான தகவல் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ஸர்கள் கணத்துக்குக் கணம் உஷ்ணத்தையும் காற்றையும் சுழற்சியையும் ஒரு பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அத்தனையும் எழுதப்படுகிறது, நமக்குப் படிக்கக் கொடுப்பதில்லை. பாயிண்ட் போனது எஞ்சினின் உள்தர்க்கம். படிக்கக் கொடுக்காதது வியாபாரத்தின் தர்க்கம். முன்னதை முதிர்ச்சி என்று ஏற்றுக்கொண்டு, அதே மூச்சில் பின்னதையும் விழுங்கிவிடுகிறோம். 2022-இல் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. கார், செல்போன், விவசாயக் கருவி என்று பட்டியல் போட்டார்கள். பெயரில் உரிமை இருக்கிறது. புதுப்பேட்டையில் உதிரி தேடுகிறவனுக்கோ காத்திவாக்கம் நெடுஞ்சாலை ஓரத்து மெக்கானிக்குக்கோ அது இன்னும் ஒரு ஸ்பானராக வந்து சேரவில்லை.

டீகம்ப்ரஸர் லீவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் பழைய வண்டிக்காரர்களின் சங்கத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. முகத்துவாரத்துப் பக்கம் போனால் போதும். பைபர் படகுகளில் பூட்டியிருக்கும் சின்ன டீசல் எஞ்சின்களும் ஒற்றைச் சிலிண்டர்தான். அதன் தலையில் அதே லீவர், வேறு வடிவத்தில். லீவரைத் தூக்கிப் பிடித்து, கைப்பிடியைப் போட்டு நாலு சுற்று வேகமாகச் சுற்றி, வேகம் ஏறினதும் லீவரைத் தட்டிவிடுவார்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். செல்ஃப் ஸ்டார்ட் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவரைக் கேட்டேன். 'உப்புத்தண்ணியில பாட்டரி எத்தினி நாள் சார் தாங்கும்?' என்றார். சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து, லீவரின் அடியில் உப்புப் பூத்திருந்ததைத் துணியால் துடைத்து, இரண்டு சொட்டு ஆயில் விட்டார்.